மீன் குட்டையில் அழையா விருந்தாளிகள்

விருத்தாசலம் வட்டாரத்தில் முந்திரிக்கும் மணிலாவுக்கும் இடையே பண்ணைக்குட்டை வெட்டியுள்ள விவசாயிகள் பலர் இப்போது அதில் கெண்டை வளர்க்கிறார்கள். மழை பெய்து குட்டை நிறைந்ததும் ஒரு வாரத்திற்குள் அதில் ஏதேதோ உயிர்கள் நெளிவதையும் துள்ளுவதையும் காணலாம். அவை நாம் விட்டவை அல்ல, விலை கொடுத்து வாங்கியவையும் அல்ல. அவற்றைக் கண்டதும் நம்மில் பலர் செய்வது ஒன்றே. பயிருக்கு அடித்தது போக மீதமுள்ள மருந்தை எடுத்துக் கொஞ்சம் ஊற்றி விடுகிறோம். பிறகு விட்ட குஞ்சுகள் மிதக்கும்போது, குஞ்சு விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கிறோம்.

ஐப்பசி மழைக்குப் பின் ஒரு நாள், இப்பகுதி விவசாயி ஒருவர் புட்டி நிறையக் குட்டை நீரோடு வந்தார். "ஐயா, இதெல்லாம் மல்லாக்கப் படுத்து நீந்துது. அடுத்த வாரம் குஞ்சு விடணும். மருந்து ஊத்திடலாமா?" என்று கேட்டார். புட்டியில் பார்த்தபோது எனக்கும் ஒன்றும் புலப்படவில்லை. கலங்கல் நீரில் எல்லாம் ஒன்று போலவே தெரிந்தன. அந்நீரை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றி ஐந்து நிமிடம் தெளிய விட்டதும் அதில் இரண்டு வகை உயிர்கள் இருப்பது தெரிந்தது. இரண்டும் மல்லாந்துதான் நீந்தின. ஆனால் ஒன்று அவருடைய குஞ்சுகளின் எமன், மற்றொன்று அக்குஞ்சுகளுக்கு நல்ல உணவு. மருந்து ஊற்றியிருந்தால் இரண்டும் போயிருக்கும், குட்டை நீரும் கெட்டிருக்கும்.

ஆகவே விவசாயிகள் முதலில் செய்ய வேண்டியது, வந்திருப்பது யார் என்று அறிவதே. அதற்குப் பெரிய கருவி ஏதும் வேண்டியதில்லை. நம் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் செய்யப்படும் பொருள்களில் சிறு கீறலோ கோணலோ உள்ளவை குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஒரு சாண் அகலமுள்ள, மேற்புறம் முழுதும் வெள்ளையான தட்டு ஒன்று போதும். பூப்போட்ட தட்டு உதவாது. எவர்சில்வர் தட்டு பளபளத்துக் கண்ணைக் கூசச் செய்யும். ஆய்வுக்கூடங்களிலும் நீர்வாழ் உயிர்களைப் பிரித்துப் பார்க்க வெள்ளைத் தட்டையே பயன்படுத்துகிறார்கள். இதனுடன் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது. குட்டையின் ஓரத்திலும் அடியிலும் சிறுகண் வலையால் அரித்து எடுத்ததைத் தட்டில் தெளிந்த நீர் விட்டுப் பாருங்கள்.

மூச்சு எங்கே விடுகிறது?

தட்டில் உள்ள உயிரிடம் கவனிக்க வேண்டிய முதற்குறி அதன் நிறமோ உருவமோ அல்ல. அது மூச்சு விட நீரின் மேற்பரப்புக்கு வருகிறதா, அல்லது நீருக்குள்ளேயே இருந்துவிடுகிறதா என்பதே. அதை எப்படி ஒழிப்பது, ஒழிக்கத்தான் வேண்டுமா என்ற இரு கேள்விகளுக்கும் பாதி விடை இதில் கிடைத்துவிடும்.

அந்த விவசாயியின் புட்டியில் இருந்த முதல் உயிர் மல்லாந்து நீந்தும் பூச்சி. படகின் துடுப்புகளைப் போன்ற இரு நீண்ட பின்னங்கால்களை வீசி வெட்டி வெட்டி நீந்தும். அடிக்கடி மேலே வந்து வயிற்றின் நுனியை நீர்மட்டத்தில் வைத்துக் காற்றை எடுத்துக்கொள்ளும். ஊசி போன்ற அலகால் மீனின் நுண்குஞ்சைக் குத்தி உறிஞ்சிவிடும். பொரித்து மூன்று நான்கு நாளான நுண்குஞ்சின் நீளம் அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான். இப்பூச்சி கூட்டமாக உள்ள நாற்றங்கால் குட்டையில் இலட்சம் நுண்குஞ்சு விட்டாலும் மிஞ்சுவது சொற்பமே.

இரண்டாவது உயிர் மேலே வரவேயில்லை. கண்ணாடி போன்ற உடல், அதன் அடியில் இலை போன்ற பதினோரு சோடிக் கால்கள். அவை காற்றில் ஆடும் நெற்கதிர் போல ஒன்றன்பின் ஒன்றாக ஓயாமல் அலைந்துகொண்டிருந்தன. இதற்கு நம் பக்கத்தில் பெயர் இல்லை, மழை இறால் என்று சொல்லிக்கொள்ளலாம். ஸ்ட்ரெப்டோசெபாலஸ் என்பது அறிவியலார் வைத்த பெயர். தென்னிந்தியாவில் மழைநீர் தேங்கும் தற்காலிகக் குட்டைகளில் இது தோன்றும். குட்டை வற்றும் முன் இடும் முட்டைகள் காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடந்து, மீண்டும் நீர் கண்டதும் பொரிக்கும். வானத்திலிருந்து விழுந்ததோ என்று எண்ண வேண்டாம், உங்கள் மண்ணிலேயே இருந்ததுதான். பாசியையும் நுண்ணுயிர்களையும் வடித்து உண்ணும் இது எந்தக் குஞ்சையும் கடிப்பதில்லை. வளர்ந்த குஞ்சுகளுக்கு இது நல்ல தீனி.

காற்றை மேலிருந்து எடுக்கும் பூச்சிகளை ஒழிக்க நஞ்சு தேவையில்லை, மூச்சுக்குழாயை அடைத்தால் போதும். எக்டேருக்கு 56 கிலோ மலிவான தாவர எண்ணெயும் 18 கிலோ சோப்பும் சேர்த்த குழம்பு இதற்குப் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு சென்ட் குட்டைக்கு ஏறத்தாழ 225 கிராம் எண்ணெயும் 75 கிராம் சோப்பும் ஆகும். சோப்பைச் சீவிச் சுடுநீரில் கரைத்து, எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கிக் குழம்பாக்கி, நீர்ப்பரப்பு முழுதும் தெளிக்க வேண்டும். குஞ்சு விடுவதற்கு 12 முதல் 24 மணி நேரம் முன்பாக, காற்று வீசாத வேளையில் செய்யுங்கள். காற்று அடித்தால் எண்ணெய்ப் படலம் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும், பூச்சிகள் மறு மூலையில் சுகமாக இருக்கும். செவுளாலும் தோலாலும் நீரிலிருந்தே மூச்சு விடும் மழை இறாலையும் நீர்த்தெள்ளையும் இந்தப் படலம் பூச்சிகளைப் போல் மூச்சடைத்துக் கொல்வதில்லை. அன்று அவருக்குச் சொன்ன யோசனையும் இதுவே.

மேலே வந்து மூச்சு விடும் திருடர்கள் இன்னும் சிலர் உண்டு. வாலில் நீண்ட குழலும் முன்னே மடித்த கொடுக்குக் காலும் உடையது நீர்த்தேள், அதன் வால் மூச்சுக் குழலே, கொட்டாது. அரிவாள் போன்ற இரு தாடைகளோடு, வாலை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும் புழு நீர்வண்டின் இளம்பருவம். நீர்ப்புலி என்று அதற்குப் பெயர். தன்னைவிடப் பெரிய குஞ்சையும் பிடித்துச் சாறு உறிஞ்சிவிடும். முதுகு நிறைய அரிசி அடுக்கியது போல முட்டைகளைச் சுமந்து திரியும் தட்டையான பூச்சி ஒன்றைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். அது ஆண் பூச்சி. பெண் அதன் முதுகில் முட்டையிட்டுவிட்டுப் போய்விட, பொரியும் வரை தந்தைதான் சுமக்க வேண்டும். குஞ்சைத் தின்னும் குற்றத்துக்காக அதை ஒழிக்கத்தான் வேண்டும் என்றாலும் பார்க்கப் பாவமாகவே இருக்கும். இவற்றுள் பெரும்பாலானவை இரவில் பறந்து வருபவை. பல இனங்கள் விளக்கு வெளிச்சத்துக்கு ஈர்க்கப்படும், ஆகையால் நாற்றங்கால் குட்டையருகே இரவில் விளக்கு எரிய விடாதீர்கள். குஞ்சு விட மூன்று முதல் ஐந்து நாள் முன்னரே நீர் நிரப்புங்கள். அதற்கு முன் நிரப்பினால் அது பூச்சிகளுக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகும்.

இந்த விதிக்கு அகப்படாத ஒன்று தட்டானின் இளம்பருவம். இது ஆசனவாயின் உள்ளே அமைந்த செவுள்களால் நீருக்குள்ளேயே மூச்சு விடும். அதே வழியாக நீரைப் பீய்ச்சி முன்னே பாயவும் செய்யும். கீழுதடு மடங்கிய கை போல முகத்தின் அடியில் இருக்கும், இரை அருகே வந்ததும் சட்டென நீண்டு பிடிக்கும். எண்ணெய்க் குழம்பு இதை ஒன்றும் செய்யாது. சிறுகண் வலையை அடி தொட இழுத்து அரித்து எடுக்க வேண்டும். கரையோரச் செடிகளை அகற்றினால் பல தட்டான்கள் முட்டையிட இடமில்லாமல் போகும்.

விரலளவுக் குஞ்சுகளை, அதாவது 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளமானவற்றை வாங்கி விடுபவர்களுக்கு இப்பூச்சிகளால் பெரிய நட்டமில்லை. நுண்குஞ்சு வாங்கி வளர்ப்போருக்கே இவை தலைவலி. சிறு விவசாயிகள் நுண்குஞ்சின் மலிவான விலையில் மயங்காமல் விரலளவுக் குஞ்சே வாங்குவது நலம் என்பது என் கருத்து.

அஞ்சத் தேவையில்லாதவை

சேற்றில் நெளியும் இரத்தச் சிவப்பான புழுவை அட்டை என்று எண்ணிச் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டியவர்கள் உண்டு. அது கொசுவைப் போலத் தோன்றும், ஆனால் கடிக்காத ஒரு சிறு ஈயின் புழு. நம் இரத்தத்தில் உள்ளது போன்ற சிவப்புப் பொருள் அதன் உடலிலும் இருப்பதால் காற்று குறைந்த சேற்றிலும் பிழைக்கிறது. மிர்காலுக்கும் சாதாக்கெண்டைக்கும் இதைவிட நல்ல தீனி நாம் கடையில் வாங்க முடியாது. துள்ளித் துள்ளி நீந்தும் கடுகளவு நீர்த்தெள்ளும் அப்படியே. ஒற்றைக் கண்ணும் வாலருகே இரு முட்டைப் பைகளும் உடைய சைக்ளாப்ஸ் ஒரு காலத்தில் மனிதருக்குத் தீங்கு செய்தது. நரம்புச் சிலந்திப் புழுவின் குஞ்சு இதன் வயிற்றில் ஏறிக்கொண்டு, நீர் குடிப்போர் உடலுக்குள் புகுந்தது. நீரை வடிகட்டிக் குடிக்கும் பழக்கத்தாலும் கிணறுகளைச் சீர்செய்ததாலும் 1996-க்குப் பின் இந்தியாவில் அந்நோய் இல்லை. 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது. மீனுக்கு சைக்ளாப்ஸ் உணவே.

நத்தையில் மட்டும் கவனம் தேவை, ஏனெனில் இங்கே ஆபத்து மீனுக்கல்ல, மாட்டுக்கு. நத்தையைத் தட்டில் வைத்து, அதன் வாசலில் கதவு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இழுத்துக்கொண்டதும் கெட்டியான மூடியால் அடைத்துக்கொள்ளும் உருண்டைப் பெரிய நத்தை, நாம் வயலில் பார்ப்பதும் பலர் சமைத்து உண்பதும் ஆகும். கதவே இல்லாமல், கயிற்றைச் சுருட்டி வைத்தது போலத் தட்டையாகச் சுருண்ட சிறு நத்தை வேறு. மாட்டின் மூக்கில் பூக்கோசு போன்ற வளர்ச்சியையும் குறட்டை மூச்சையும் உண்டாக்கும் புழு அதில்தான் வளர்கிறது. 1933-ஆம் ஆண்டிலேயே ராவ் என்ற அறிஞர் அப்புழுவை விவரித்துப் பெயரிட்டார். கூம்பு வடிவில் மெல்லிய ஓடுடைய, கதவில்லாத மற்றொரு நத்தை ஈரல் தட்டைப்புழுவுக்கு இடம் கொடுப்பது. இத்தகைய நத்தைகள் கண்ட குட்டையில் மாடுகளை இறக்கிக் குளிப்பாட்ட வேண்டாம், கிணற்று நீரைத் தொட்டியில் ஊற்றிக் கொடுங்கள். ஆகாயத்தாமரை முதலிய செடிகளின் இலையடியில் ஒட்டியுள்ள கூழ் போன்ற முட்டைகளைச் செடியோடு அகற்றுங்கள். மீன்குஞ்சுகள் விரலளவைத் தாண்டிய பின் நான்கைந்து வாத்துகளை விட்டால் மிச்ச வேலையை அவை பார்த்துக்கொள்ளும்.

கடல்நீர்த் தொட்டிக்காரர்களின் பாடம்

இந்த வழக்கு நமக்கு மட்டும் உரியதல்ல. விருத்தாசலத்தைத் தொட்டு ஓடும் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையத்தில் அலங்காரக் கடல் மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து ஆராய்ந்திருக்கிறார்கள். வெளிநாடுகளில் பலர் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பி, அதில் பவளமும் உயிருள்ள பாறைத் துண்டும் வைத்து வளர்க்கின்றனர். அப்பாறையின் துளைகளில் ஒளிந்து பல உயிர்கள் கூடவே வந்துவிடும். சில நாள் கழித்து இரவில் விளக்கைப் பிடித்துப் பார்க்கும்போதுதான் அவை தெரியும்.

அவர்கள் பட்டு அறிந்தது நமக்கும் பயன்படும். உடல் முழுதும் முள்மயிருடன் பூரான் போல ஊரும் கடற்புழுவைக் கண்டு முன்பு பதறி எடுத்தெறிந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை எஞ்சிய தீனியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்பவை என்று பிறகு தெரிந்தது. கும்பிடுபூச்சி போல முன்கால் மடித்த ஓர் இறாலினம் மட்டும் உண்மையான கொள்ளைக்காரன். இரவில் அது நத்தை ஓட்டை உடைக்கும் சொடுக்குச் சத்தமே அதன் அடையாளம். கண்ணாடிக் குச்சி போன்ற ஒரு சிறு கடல் சாமந்தியை நசுக்கிக் கொல்ல முயன்றவர்களுக்கு ஒன்று பத்தானது. நசுங்கிய துண்டு ஒவ்வொன்றும் மீண்டும் முளைத்தது. யாரென்று தெரியாமல் கை வைத்தால் வரும் கேடு இது. இப்போது விவரம் தெரிந்தவர்கள் பாறையை நேராகத் தொட்டியில் இடாமல், சில வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்துக் காவல் காக்கிறார்கள். நம் நாட்டில் கல்பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன, மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது. அதே வளைகுடாவில், பயிராகக் கொண்டுவரப்பட்ட காப்பாபைக்கஸ் என்ற கடற்பாசி குருசடைத் தீவருகே பவளத்தின் மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008-இல் எடுத்துக்காட்டினர். வரப்பைத் தாண்டிய பயிரும் களைதான்.

குஞ்சுப் பையோடு வருபவை

நம் குட்டைக்குப் பறந்தும் மண்ணிலிருந்தும் வருபவற்றைவிட, நாமே பையில் வாங்கி வருபவையே நீண்ட நாள் தொல்லை தருகின்றன. பறவைகள் மீனைக் கொண்டுவரும் என்று பெரியவர்கள் சொல்வதை முற்றிலும் தள்ள வேண்டாம். வாத்து விழுங்கிய கெண்டை முட்டைகளில் மிகச் சில எச்சத்தோடு உயிருடன் வெளிவந்து பொரித்ததை 2020-இல் ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். ஆனால் அது ஆயிரத்தில் இரண்டு என்ற அளவே. நெகிழிப் பையில் வருவதற்குக் கணக்கே இல்லை.

பையைக் குட்டை நீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்க விட்டு வெப்பம் சமமான பின், குஞ்சுகளை நேரே குட்டையில் கவிழ்க்காதீர்கள். வாளியில் வடித்து எடுங்கள், பை நீரைக் குட்டைக்கு அப்பால் காய்ந்த தரையில் ஊற்றுங்கள். பத்துப் பதினைந்து குஞ்சுகளை வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள். செதிலில்லாமல் நீண்ட மீசைகளோடு இருப்பது கெண்டையல்ல. நான்கு சோடி மீசையும் அகன்று தட்டையான தலையும் இருந்தால் அது ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருக்கலாம். அதை வளர்ப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. முதுகுத் துடுப்பு நீளமாகவும் முன்பாதி முழுதும் முட்களாகவும் இருந்தால் ஜிலேபிக்கெண்டை. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீனின் தாய், முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்துக் காப்பதால் சில சோடிகள் புகுந்தாலே குட்டை நிறைந்துவிடும். உடல் முழுதும் கவசம் போட்டு, அடியில் உறிஞ்சும் வாயுடைய கரிய மீனும் இப்போது நம் ஏரிகளில் அகப்படுகிறது. கண்ணாடித் தொட்டியில் பாசி துடைக்க விற்கப்படும் 'டேங்க் கிளீனர்' மீன்தான் அது. பிள்ளைகள் சலித்துப்போய்க் குளத்தில் விட்டது. கரையில் வளை தோண்டி முட்டையிடும், கரை சரியும். அகப்பட்டால் மீண்டும் நீரில் விடாமல் புதைத்துவிடுங்கள்.

அடுத்து, குஞ்சின் உடலைப் பாருங்கள். பச்சரிசியளவில் தட்டையாக, ஒளி ஊடுருவும் வட்டப் பொட்டு ஒன்று செதிலின் மேல் நகர்ந்தால் அது மீன் பேன். உடலில் குத்திய முள் போல நின்று, நுனியில் இரு கவையாகப் பிரிந்து தொங்குவது நங்கூரப் புழு. பிரிந்த கவைகள் அதன் முட்டைப் பைகள். பிடுங்கினால் தலை உள்ளேயே நின்றுவிடும். இவை உள்ள பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே சிறந்தது. ஐயமுள்ள விரலளவுக் குஞ்சுகளை 10 லிட்டர் நீரில் 200 முதல் 300 கிராம் சமையல் உப்பு கரைத்து ஓரிரு நிமிடம் முக்கி எடுக்கலாம். குஞ்சு சாயத் தொடங்கினால் உடனே எடுத்துவிட வேண்டும். குட்டையில் மீன் பேன் புகுந்துவிட்டால் மூங்கில் கழிகளை நட்டு வையுங்கள். பேன் அவற்றின் மேல் வரிசையாக முட்டையிடும். வாரம் ஒருமுறை கழிகளைப் பிடுங்கி நல்ல வெயிலில் காய வைத்து மீண்டும் நடலாம்.

பழைய குட்டையில் விரால், குறவை, தேளி போன்றவை இருந்தால் நீரை இறைத்துவிட்டதும் ஒழிந்தன என்று நம்ப வேண்டாம். இவையும் காற்றிலிருந்து மூச்சு விடுபவை, ஈரச் சேற்றுக்குள் புதைந்து பிழைத்திருக்கும். அடி வெடிக்கும் வரை காயப் போடுங்கள். காயப் போட முடியாவிட்டால், ஒரு மீட்டர் ஆழ நீருக்கு எக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு, அதாவது சென்டுக்கு 10 கிலோ, ஊறவைத்துத் தெளிக்கலாம். அதன் நஞ்சு மீனின் இரத்த அணுக்களைச் சிதைத்துக் கொல்லும். இரண்டு மூன்று வாரத்தில் நஞ்சு நீங்கி எருவாகிவிடும். அதுவரை அந்நீரை அண்டைக் குட்டைக்கு விடாதீர்கள், குஞ்சும் விடாதீர்கள். குட்டைக்கு நீர் வரும் வாய்க்காலில் சிறுகண் நைலான் வலையை இரண்டு மடிப்பாகக் கட்டி, மழைக் காலத்தில் தினமும் அலசுங்கள்.

தட்டில் பார்த்தும் இன்னதென்று தெரியாத உயிர் இருந்தால் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ கொண்டுவாருங்கள். அகன்ற வாய்ப் புட்டியில் மூன்றில் இரண்டு பங்கு குட்டை நீர் விட்டு, மூடியில் துளையிட்டு, ஈரத்துணி சுற்றி, வெயில் ஏறும் முன் வந்து சேருங்கள். எந்த மாதம், எத்தனை ஆழத்தில், குஞ்சு விட்டு எத்தனை நாளில் கண்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு வகையையும் தனித்தனிப் புட்டியில் போட மறக்க வேண்டாம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொண்டுவந்தால், வந்து சேரும்போது நீர்ப்புலி ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.